நாற்காலியை விட்டு எழுவதற்குள்

எங்கள் அக்கா போய் இந்த மார்கழியோடு ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், தூரத்திலிருந்து வந்திருக்கும் அக்காவின் மாணவர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம்.

"‘சில காலம் உடல்நலம் குன்றியிருந்து இறைவனடி சேர்ந்தார்’னு ரெண்டு வரி போட்டு முடிச்சுப்போடு தம்பி" என்று கொள்ளேகாலிலிருந்து பெரியண்ணன் முதலில் சொன்னார். நான் பார்த்த எல்லா மலர்களிலும் அந்த இரண்டு வரிதான் இருக்கிறது. எனக்கு அப்படி எழுத வரவில்லை. அக்காவுக்கு வந்தது கணையத்தில் புற்றுநோய். அது எங்கள் எல்லோருக்கும் ஆடி மாதமே தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை அவருக்கு விளங்கும்படி சொல்வது எப்படி என்று இருபத்தைந்து வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவரிடம் இதைச் செய்தோம். அதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையை எழுதினால் அது வேறு யாருடைய வாழ்க்கையாகவோ இருக்கும்.

அக்கா பிறந்தது கொள்ளேகாலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில். பெரியண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அப்பா பஸ் கண்டக்டர். வீட்டில் தமிழ், வண்டியில் கன்னடம், வடக்கத்தி லாரிக்காரர்களிடம் ஏதோ ஒரு இந்தி. அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. "வண்டி ஹனூர் போகுமா?" என்று யார் கேட்டாலும் தலையை ஆட்ட மாட்டார். நாம் பக்கவாட்டில் ஆட்டினால் நமக்கு ஆமாம். வெளியூர்க்காரருக்கு அதுவே இல்லை. அதனால் வாயைத் திறந்து சொல்வார். ஏறுகிறவர் வாயாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல வைத்துத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார். விடுமுறை நாட்களில் அந்த வண்டியிலேயே சுற்றிய அக்கா இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்.

அக்கா பட்டப்படிப்பு இரண்டாம் வருடத்தில் இருக்கும்போது அப்பா காலமானார். அக்கா மைசூருக்கு வந்து, தேவராஜ மொஹல்லாவில் ஒரு டைப்பிங் கடையில் காலையில் வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. ஆங்கிலம் முடித்தார். பத்தாவதில் நான் தோற்றதும் என்னையும் கூட்டிவந்து அதே தெருவில் ஒரு இருசக்கர வாகன ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்த்துவிட்டார். இன்று அங்கே எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது என்றால் அது அக்கா போட்ட பிச்சை. அவருக்கு இரண்டு மூன்று வரன்கள் வந்தன. தம்பி ஒரு நிலைக்கு வரட்டும், அண்ணன் பிள்ளைகள் படிக்கட்டும் என்று தள்ளித் தள்ளி, அந்தப் பேச்சே நின்றுபோனது. நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. எங்களுக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. கடைசிவரை அக்கா என் வீட்டில்தான் இருந்தார்.

ஊருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மண்டியா, ஹாசன் பிள்ளைகளோடு அசாம், மிசோரம், பீகார், காஷ்மீர், கேரளம், சில வருடங்களில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கும் இடம் அது. வேற்றுப் பண்பாட்டாரோடு பேசிப் பழகுவது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது. மதிப்பெண்ணுக்கு உதவாத பாடம், சனிக்கிழமை கடைசி மணி. யாரும் எடுத்துக்கொள்ளாததால் புதிதாக வந்த அக்கா தலையில் கட்டினார்கள். முதல் இரண்டு வருடம் அவரும் புத்தகத்தில் இருந்ததைத்தான் நடத்தினார். யாரிடம் கை குலுக்குவது, யாரிடம் கும்பிடுவது, யார் கண்ணைப் பார்த்துப் பேசுவது, இப்படி.

மூன்றாம் வருடம் ஒன்று நடந்தது. அசாமிலிருந்து வந்த ஒரு மாணவனின் தகப்பனார் இறந்துவிட்டார். வீட்டார் கல்லூரிக்குப் போன் செய்து, பையனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் வீடுகளிலும் இதுதானே வழக்கம். வகுப்பு ஆசிரியை என்பதால் அக்காவிடம் அந்த வேலை வந்தது. அக்காவும் அப்படியே சொன்னார். பையன் போகும் வழியில் அப்பாவுக்கென்று ஒரு வெந்நீர்ப் பை வாங்கிக்கொண்டான். மூன்று நாள் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். திரும்பி வந்த பிறகு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், ஆனால் படிப்பு முடியும்வரை அக்காவிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழுதார். "அவன் கேக்காதது சரிதான்டா. நான் சொல்றதை எதுக்கு நம்பணும்?" என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பிள்ளைகள் ‘பேட் நியூஸ் கிளாஸ்’ என்று பெயர் வைத்த வகுப்பு. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஒன்று. வெவ்வேறு ஊர்க்காரர் இருவரை எதிரெதிரே உட்கார வைப்பார். ஒருவர் மற்றவருக்கு ஒரு கெட்ட செய்தி சொல்ல வேண்டும். நான் ஒருமுறை வீட்டுச் சாவி கொடுக்கப் போய் ஜன்னலருகே நின்று பார்த்தேன். மண்டியாக்காரப் பையன் புட்டராஜு, மிசோரம் பெண் ருவாத்தி. அவள் பெயர் வேலைக்கான பட்டியலில் இல்லை என்று அவன் சொல்ல வேண்டும். அவன் "சாப்பிட்டாயா?" என்று ஆரம்பித்தான். வெயிலைப் பற்றிச் சொன்னான். நீ நன்றாகப் படிக்கிற பெண் என்றான். எல்லாவற்றுக்கும் நேரம் வரும், அடுத்த தடவை பார்க்கலாம் என்றான். முடிந்ததும் அக்கா அந்தப் பெண்ணிடம், என்ன புரிந்தது சொல் என்றார். "அடுத்த சுற்றுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்" என்றாள் அவள். வகுப்பே சிரித்தது. நானும் வெளியே நின்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"இவன் சொல்லிட்டோம்னு நிம்மதியா வீட்டுக்குப் போறான். அவ கேட்கவே இல்லை, அவளும் சந்தோஷமாப் போறா" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். "சுத்தி வளைக்கறது உங்க ஊர் மரியாதைன்னா சுத்தி வளைங்க, தப்பில்லை. ஆனா எதிர்ல இருக்கறவங்க நாற்காலியை விட்டு எழறதுக்குள்ள விஷயம் வெளியே வந்துடணும். வந்ததான்னு தெரிய, அவங்க வாயால திருப்பிச் சொல்லச் சொல்லுங்க."

இந்தத் திருப்பிச் சொல்லும் வியாதி வீட்டிலும் உண்டு. தேவராஜ மார்க்கெட்டில் கொத்தமல்லி விற்கும் அம்மாவைக்கூட விடமாட்டார். ருவாத்திக்கு மைசூரில் ஆள் யாரும் இல்லாததால் நான்கு வருடமும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. படிப்பு முடிந்து ஹைதராபாதில் வேலைக்குப் போன பிறகும் வாரம் தவறாமல் போன் செய்வாள். அக்காவுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவளோடு இவ்வளவு பேசியிருப்பாரா தெரியாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முகத்துக்கு நேரே பேசிவிடுகிறவன். கடையில் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அதனாலேயே கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு தசராவுக்கு அக்கா கடுகு மஞ்சளில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, எப்படியிருக்கிறது என்றார். "மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றேன். அந்தப் புடவையை அவர் மறுபடி உடுத்தவில்லை, ஆனால் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லிச் சிரிப்பாராம். "என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு உண்மை வேணும்னா அவன்கிட்டதான் போவேன்" என்பாராம்.

போன வருடம் ஆனி மாதம், காலை காபி கொடுக்கும்போது அக்காவின் கண் வெள்ளை மஞ்சளாக இருப்பதைப் பார்த்தேன். புடவையை அப்படிச் சொன்னவனுக்கு அன்று வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அக்காவே கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உன் வாய் முகூர்த்தம்டா" என்றார். பெரியண்ணன் கீழாநெல்லி கொடுத்தனுப்பினார். பத்து நாள் அரைத்துக் குடித்தார். உடம்பு அரிப்பு கூடியதே தவிர மஞ்சள் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பித்தக் குழாய் அடைத்திருந்தது, உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது. அக்கா இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

அன்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் போயிருக்கிறது, அறுவை செய்ய முடியாது. மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், அதற்கான அவஸ்தையும் இருக்கும். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், பதினைந்து நாளில் கூட்டிவாருங்கள் என்றார். நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்றேன்.

மறுநாள் பெரியண்ணன் முதல் பஸ்ஸில் வந்தார். என் கடையின் பின்னறையில் அண்ணனும் நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். "சொல்லிப்போட்டா அன்னிக்கே ஒடிஞ்சு போயிரும் அது. மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இருக்கற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்" என்றார் அண்ணன். அவர் அழுதுகொண்டே சொன்னதால் நான் எதிர்த்துப் பேசவில்லை. அக்கா படித்தவர், சும்மா நம்ப மாட்டாரே என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்தார். "நீ சொன்னீன்னா நம்பும்" என்றார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடையில் கார்புரேட்டர் கேட்டலாக்குகளுக்கு நடுவே சொருகி வைத்தேன். ஸ்கூட்டர் சாமான் வாங்க வருகிறவர்கள் அந்த அலமாரிப் பக்கம் கை நீட்டினாலே நான் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அக்கா என்னிடம் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை, வீட்டுக்கு வரும் ஆட்டோவில். "டாக்டர் என்னடா சொன்னார்?" "பித்தக்கல்லு. குழாய் வச்சாச்சு, சரியாயிடும்" என்றேன். "ஹௌதா?" என்றார். அப்படியா என்று நிம்மதிப்படும்போது அவருக்கு அந்தக் கன்னடச் சொல்தான் வரும்.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. எடுக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டாம் தடவை ஆவணியில். நேராகக் கேட்காமல் பக்கவாட்டில் கேட்டார். "அடுத்த செமஸ்டருக்கு டைம்டேபிள் கேக்கறாங்க. ஒத்துக்கட்டுமா?" என்றார். அதற்குள் ரவிக்கைகளை எல்லாம் இரண்டு விரல் பிடித்துத் தைத்திருந்தார். முதுகு வலிக்கிறது என்று நாற்காலியில் தலையணை வைத்து உட்காருவார். "ஒத்துக்கோ, வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறே?" என்றேன். ருவாத்தியும் அந்த வாரம் எனக்குத் தனியே போன் செய்து, மேடம் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை அம்மா என்றேன்.

மூன்றாம் தடவை புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னை எதிரே உட்காரச் சொன்னார். "நான் உன்னை எதுவும் கேக்கப்போறதில்லை. டாக்டர் சொன்னதுல நீ என்ன புரிஞ்சுக்கிட்டியோ அதை உன் வாயால மொதல்லேர்ந்து திருப்பிச் சொல்லு" என்றார். இருபத்தைந்து வருடப் பாடத்தை என் முன்னால் எடுத்து வைத்துவிட்டார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, கல், குழாய், வீக்கம், ஆறு மாதத்தில் குழாயை எடுப்பது என்று தடுமாறாமல் சொன்னேன். "ஹௌதா. தெளிவா இருக்கு" என்றார். எழுந்துபோய் ரசம் வைத்தார். ரசம் அவருக்கு என்றைக்குமே நன்றாக வந்ததில்லை, நான் அன்று அதையும் சொல்லவில்லை.

ஐப்பசியில் அந்தக் கெட்ட செய்தி வகுப்பு வந்தது. ஸ்கூட்டரில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். முடியும்வரை வண்டி நிறுத்தத்திலேயே நின்றேன், ஜன்னல் பக்கம் போகவில்லை. திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவரின் எடை வண்டிக்கே தெரியவில்லை. "இன்னிக்கு நல்லா வந்துச்சுடா கிளாஸ்" என்றார்.

கார்த்திகைக் கடைசியில் குளிர்க்காய்ச்சல் வந்து மறுபடி ஆஸ்பத்திரி. பொங்கல்வரை இருந்தால் பெரிது என்றார் டாக்டர். அன்று மாலை நான் உள்ளே போனபோது அக்கா போனை நீட்டினார். "ருவாத்தி உடனே வரேங்கறா. என்ன அவசரம், பொங்கல் லீவுல நிதானமா வந்து பத்து நாள் இருக்கச் சொல்லு. எனக்குப் பேச மூச்சு வாங்குது, நீ பேசு" என்றார்.

அவள் எண்ணை நான் அழுத்தவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். "சாப்பிட்டியாக்கா?" என்றேன். கஞ்சி குடித்தேன் என்றார். வெளியே பனி அதிகம் என்றேன். நீ எங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கிறாய் என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "டேய், நீ புட்டராஜு மாதிரி பேசறே" என்றார்.

அப்புறம் சொன்னேன். எல்லாவற்றையும், கடைப் பின்னறையில் பேசியது வரைக்கும். நான் முடித்ததும், "சரி, நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாரு" என்றார். "எனக்குப் புத்துநோய். ஆடி மாசத்திலேர்ந்து உங்க எல்லாருக்கும் தெரியும். மருந்து இருந்துச்சு. வேணுமா வேண்டாமான்னு நான் சொல்லியிருக்கணும், நீங்க சொல்லிட்டீங்க. இப்ப அதுக்கும் நேரமில்லை. சரியா?"

"சரிக்கா."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியலை. யாரும் கேக்கலையே." பிறகு, "அஞ்சு மாசமா நானும் வெந்நீர்ப் பையைத் தூக்கிக்கிட்டு ரயில்ல போயிருக்கேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மூணாவது தடவை சொன்னே பாரு, அப்ப எனக்குத் துளி சந்தேகம் வரலைடா" என்றார். அதைவிடப் பெரிய திட்டு எனக்குத் தெரியாது.

ருவாத்தியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மறுநாளே வந்தாள். அக்காவின் கடைசி பதினோரு நாளும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்போதே போனில் கேட்டேனே அங்கிள்?" அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

இத்தோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இந்த ஐப்பசியில் பெரியண்ணனின் பிள்ளைகள் இருவரும் ஒரு பெரிய உறையோடு என் கடைக்கு வந்தார்கள். அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி. "சித்தப்பா, அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்காது. நீங்க சொன்னா நம்புவார்" என்றார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது: நான் மறுபடியும் சரி என்றேன். பிள்ளைகள் அழுததைப் பார்த்ததும் போன வருடம் முழுவதும் எனக்கு மறந்துபோயிற்று. அண்ணனிடம் பழைய சளி, உள்ளே தழும்பு விழுந்திருக்கிறது என்றேன். உறையைக் கேட்டலாக்குகளுக்கு நடுவே வைக்கப் போனபோது அக்காவுடையது அங்கேயே இருந்தது.

பிறகு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை கேட்ட இடம் வந்ததும் பேனா நகரவில்லை. மறுநாள் காலை கொள்ளேகால் பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. "அண்ணா, உங்களுக்குச் சளி இல்லீங்ண்ணா. புத்து. நுரையீரல்ல. மருந்து இருக்காம், வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அது உங்கிட்ட எத்தனை தடவை கேட்டுச்சு?" என்றார். அக்காவைச் சொல்கிறார்.

"மூணு தடவைங்ண்ணா."

"பசங்ககிட்டயும் உங்கிட்டயுமா நான் அஞ்சு தடவை கேட்டுப்போட்டேன்டா தம்பி" என்றார்.

அந்த இரண்டு வரி வேண்டாம், நடந்ததை எழுது, என் சங்கதியையும் சேர்த்து எழுதிப்போடு என்று சொன்னவரும் அவர்தான். "வர்றவங்க எல்லாரும் எம் மூஞ்சிக்கு முன்னால நடிச்சாங்கன்னா, அது எனக்கு ஆவாது."

அக்காவின் நோயில் உடனிருந்த ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கும், கல்லூரி ஆசிரியர்களுக்கும், முறை வைத்து ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், எங்கள் தெருக் கடைக்காரர்களுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், மகளாக இருந்த ருவாத்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று இந்த மலரை நீங்கள் வாங்கும்போது பெரியண்ணன் முன்வரிசையில் இருப்பார். அவருக்கு எல்லாம் தெரியும். வரும் திங்கட்கிழமை முதல் மருந்து ஏற்றிக்கொள்வதாக அவரே முடிவு செய்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து போய் உட்காருங்கள். ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். அவர் ஏதாவது கேட்டால், பதில் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

தம்பி,
தேவராஜ மொஹல்லா, மைசூரு.